ஸ்டீவ் மெக்வீன் ஏசுவிடம் போனது சாவுக்குப் பயந்தா?

ரீகல் ரசிகர்:
போன ஞாயிறு நரிமேட்டில் நண்பர் வீட்டுப் புதுமனை ஜெபத்துக்குப் போயிருந்தேன். பேச வந்த ஊழியக்காரர் ஸ்டீவ் மெக்வீன் கதையைச் சொன்னார். பணம், போதை, பெண்கள் என்று வாழ்ந்த ஹாலிவுட் நடிகர், புற்றுநோய் வந்ததும் ஏசுவிடம் ஓடி வந்தார், அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரகாம் கொடுத்த பைபிளோடு கண்ணை மூடினார் என்று முடித்தார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை.

நான் மெக்வீனைப் பார்த்தது மதுரை ரீகலில். பகலில் நூலகம், பொழுது சாய்ந்தால் தியேட்டர் என்று இருந்த விக்டோரியா எட்வர்டு மன்றம். 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் அவர் மோட்டார் சைக்கிளை வேலியை நோக்கி முறுக்கும்போது நாங்கள் பெஞ்சில் ஏறி நின்றுவிட்டோம். அந்த மனிதரைக் கடைசியில் பயந்துபோன ஒரு நோயாளியாக மேடையில் நிறுத்தினால் எனக்கு வலிக்கிறது. வெள்ளத்தில் போகிறவன் துரும்பைப் பிடிப்பான். அதை நம்பிக்கை என்று கொண்டாடுவது சரியா?

பசுமலை டீச்சர்:
அண்ணே, அந்த ஊழியக்காரர் கதையைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். 1979இல் மெக்வீன் கலிபோர்னியாவில் சாந்தா பவுலா என்ற சின்ன ஊருக்குக் குடிபோனார். மஞ்சள் நிறத்தில் ஸ்டியர்மன் என்ற பழைய இரட்டைச் சிறகு விமானம் ஒன்றை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் சாமி மேசன் என்ற வயதான விமானி. அந்த மனிதரிடம் இருந்த அமைதிதான் மெக்வீனை இழுத்தது. அவர் போகும் கோயிலுக்குத் தானும் வருகிறேன் என்றார். வென்ச்சுரா மிஷனரி சபையில் மாடியில் உட்கார்ந்து, ஞாயிறுதோறும் மூன்று மாதம் போல பிரசங்கம் கேட்டார். அப்புறம்தான் போதகர் லியோனார்ட் டிவிட்டைத் தனியாகச் சந்தித்து மணிக்கணக்கில் கேள்வி கேட்டார்.

நோய் தெரிந்தது 1979 டிசம்பர் 22. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு.

ரீகல் ரசிகர்:
டீச்சர், தேதியை நானும் பார்த்தேன். 1978லேயே அவருக்கு விடாத இருமல் இருந்தது. சிகரெட்டை விட்டார், மருந்து சாப்பிட்டார், குறையவில்லை. மூச்சும் வாங்க ஆரம்பித்தது. நோயின் பெயர் டிசம்பரில் தெரிந்திருக்கலாம், ஆனால் உடம்புக்கு முன்பே தெரியும்.

இன்னொன்று. 1980 ஜூலையில் அவர் மெக்சிகோவுக்குப் போனார். அமெரிக்க டாக்டர்கள் கைவிட்டதும், உரிமம் பறிபோன ஒரு பல் மருத்துவரை நம்பிப் போனார். பாதாமி விதையிலிருந்து எடுக்கும் லேட்ரில், காபி எனிமா என்று வைத்தியம். அதே வருஷம், அதே மனசு. அங்கே அந்த மருந்தை நம்பினார், இங்கே பைபிளை நம்பினார். ஒன்றை மூடநம்பிக்கை என்றும் மற்றதை இரட்சிப்பு என்றும் எப்படிப் பிரிப்பீர்கள்?

பசுமலை டீச்சர்:
இருமலுக்கு டாக்டரிடம் போவார்கள். அவரும் போனார். டாக்டர் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் பெரிய பேரைச் சொல்லிக்கொள்ளாமல் மாடியில் ஒதுங்கி உட்கார்ந்தார் என்றால், அவருக்கு வேறு ஏதோ தேவைப்பட்டது. குழந்தையாக இருக்கும்போதே அப்பா விட்டுப்போனவர், அம்மா குடிக்கு அடிமை. சின்ன தாத்தா முறையில் ஒருவர் மிசூரியில் பண்ணையில் வைத்து வளர்த்தார். பிறகு சீர்திருத்தப் பள்ளி. அப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயது நெருங்கும்போது தகப்பன் மாதிரி ஒருவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து விமானம் ஓட்டச் சொல்லித்தருகிறார். எனக்கு அந்தக் காட்சி போதும், அண்ணே.

மெக்சிகோ வைத்தியம் தப்பு. அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? நம்பிக்கை வந்தவருக்கு மருத்துவ அறிவும் சேர்ந்து வந்துவிடும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை.

ஆடிவீதி:
நடுவில் வருகிறேன். நான் சைவன். தினம் காலையில் மீனாட்சியைச் சுற்றி வந்துதான் கடை திறப்பேன்.

நோயில் வந்த பக்தி மட்டம் என்று ரீகல் ஐயா சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. சமணத்தில் இருந்த அப்பர் பெருமான் சூலை நோய் தாங்காமல்தான் அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார். அதன்பின் பாடியது தேவாரம். நம் ஊர்க் கூன்பாண்டியனுக்கு வெப்பு நோய். சமணர் மந்திரத்தில் இறங்காத சூடு, சம்பந்தர் பதிகம் பாடித் திருநீறு பூசியதும் இறங்கியது என்று பெரியபுராணம் சொல்கிறது. உடம்பு துடித்ததால் வந்தது, அதனால் கணக்கில் சேராது என்று மதுரைக்காரன் யாராவது சொல்வானா? நமக்கு ஒரு நியாயம், மெக்வீனுக்கு ஒரு நியாயம் கூடாது.

முருகன் படமான 'துணைவன்' 1969இல் வந்தது. அதன் கதாநாயகன் ஏ.வி.எம். ராஜன் பிற்காலத்தில் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போனார். என் அம்மாவுக்கு அது ஆறவே இல்லை. "அந்த முகத்தைத்தானே பார்த்து அழுதேன்" என்பார். அழுதது முருகனைப் பார்த்து, நடிகரைப் பார்த்து இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

ரீகல் ரசிகர்:
ஆடிவீதி தம்பி, பாண்டியன் கதையை முழுசாகச் சொல்லுங்கள். அதே புராணத்தில்தான் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதும் இருக்கிறது. நடந்ததோ இல்லையோ, கதை அப்படித்தான் சொல்கிறது. ஒருவரின் காய்ச்சல் தணிந்ததை வெற்றிக்கொடியாக ஏற்றினால் அதன் நிழல் வேறு யார் மேலோ விழுகிறது. எனக்குப் பயம் அந்தக் கொடியைப் பார்த்துத்தான். மெக்வீன் தனிப்பட்ட முறையில் யாரைக் கும்பிட்டார் என்பது அவர் பாடு.

ஏன் இவ்வளவு சூடாகப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் கடைசி நாட்கள் ஒரு மருத்துவமனையில் கழிந்தன. நினைவு வந்து வந்து போகும். அடுத்த படுக்கைக்காரரைப் பார்க்க வந்த ஒருவர், நாங்கள் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரத்தில் அப்பா நெற்றியில் எண்ணெய் தடவி, ஏசுவை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அப்பா தலையாட்டினாராம். அப்பா அந்த வாரம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கஞ்சி வேண்டுமா என்றால் ஆட்டுவார், ஜன்னலை மூடவா என்றால் ஆட்டுவார். நாங்கள் திரும்பி வந்தபோது அந்த ஆள் சந்தோஷமாக, "உங்க அப்பா இரட்சிக்கப்பட்டுட்டார்" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையால் அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, பையிலிருந்த திருநீற்றை எடுத்துப் பூசினார். நெற்றி வழுக்கியது, திருநீறு ஒட்டவில்லை. மறுபடி மறுபடி பூசினார்.

பசுமலை டீச்சர்:
அண்ணே, அது தப்பு. அந்த ஆள் எங்கள் சபையாக இருந்தாலும் தப்புதான். உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் பில்லி கிரகாம் பேருக்கு ஒரு மரியாதை உண்டு. 1956இல் அவர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது தாத்தா கூட்டத்துக்குப் போய்வந்தவர். அவர் மெக்வீனைப் பார்த்தது 1980 நவம்பர் 3, சாவுக்கு நாலு நாள் முன்னால். அவர் போய் மெக்வீனை மனம் மாற்றவில்லை. முந்தின வருஷமே நம்பியவரைப் பார்க்கப் போனார், விமான நிலையம் வரை கூடவே போனார், தன் பைபிளைக் கொடுத்தார். ஹுவாரஸ் நகரத்தில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெக்வீன் இறந்தார். நீங்கள் சொன்ன அந்தத் தலையாட்டலையும் இதையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஒருவர் தானே நடந்துபோய்க் கேட்டார். இன்னொருவரை யாரும் கேட்கவே இல்லை.

ஆடிவீதி:
எண்ணாயிரம் பேர் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. கீழக்குயில்குடி சமணமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது அது எனக்கும் உறுத்தும்.

ரீகல் ரசிகர்:
மாடியில் உட்கார்ந்த அந்த மூன்று மாதத்தை இதுவரை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. பைபிளோடு செத்தார் என்பதைத்தான் சொல்கிறார்கள், அதற்குத்தான் கண்ணீர் வருகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. அவர் நல்லவரானது 1979இல் இல்லை. தான் படித்த பாய்ஸ் ரிபப்ளிக் சீர்திருத்தப் பள்ளிப் பையன்களை அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே போய்ப் பார்த்தார். ஸ்டூடியோக்காரர்களிடம் ஜீன்ஸ், சவர ரேசர் என்று மொத்தமாக வாங்கி அவர்களுக்கு அனுப்பினார். அதையும் சாட்சியில் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பசுமலை டீச்சர்:
அடுத்த வாரம் வாலிபர் கூட்டத்தில் பேச என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஜீன்ஸும் ரேசரும் நிச்சயம் வரும். விமானத்தில் தொடங்குகிறேன். பாதாமி விதையையும் சொல்லத்தான் போகிறேன், மூத்தவர்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை. உங்கள் அப்பா விஷயத்தை, பேர் ஊர் இல்லாமல், சொல்லலாமா அண்ணே?

ரீகல் ரசிகர்:
அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.