மறுமொழி: ‘கிரியான்சா’வுக்குத் தமிழ்ச்சொல்: பீப்பாய் மூப்பா, பீப்பாய் விளைப்பா?

> ‘பீப்பாய் மூப்பு’ என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது, யாருக்கும் புரியும்.

அன்பின் ஐயா,

நம் ஒயின் கட்டுரைக்கான கலைச்சொல் பட்டியலில், ஒயினைப் பீப்பாயிலும் பாட்டிலிலும் வைத்துப் பக்குவப்படுத்துவதற்கு நீங்கள் சொன்ன ‘பீப்பாய் மூப்பு’ புரியும், மறுக்கவில்லை. ஆனால் மூப்பு என்றதும் தளர்ச்சியும் கூடவே வந்துவிடுகிறதே! ஸ்பெயினின் ஒயின் வட்டாரமான ரியோஹாவில் இப்படிப் பக்குவப்படுத்துவதற்குப் புழங்கும் சொல் ‘கிரியான்சா’. ‘கிரியார்’ என்ற வினையிலிருந்து வந்தது. பிள்ளை வளர்ப்பதற்கும் ஆடுமாடு வளர்ப்பதற்கும் அங்கே அதே வினைதான். ஒயினையும் அப்படித்தான் பார்த்துப் பார்த்து ஆளாக்குகிறார்கள்.

இன்னொரு சிக்கல், மூப்பு காலத்தை மட்டுமே சொல்கிறது. அங்குள்ள விதிப்படி ‘கிரான் ரிசர்வா’ என்ற உயர்தரச் சிவப்பு ஒயினுக்கு மொத்தம் குறைந்தது 5 ஆண்டு. அதில் குறைந்தது 2 ஆண்டு ஓக் பீப்பாயில், குறைந்தது 2 ஆண்டு பாட்டிலில். (அடுத்த தரமான ‘ரிசர்வா’வுக்கு 3 ஆண்டு, ‘கிரியான்சா’ என்ற அதே பெயரில் வரும் தரத்துக்கு 2. இவற்றில் பீப்பாய்க்காலம் குறைந்தது ஓராண்டு. பாட்டில் சீட்டில் அச்சிடும் இந்தத் தரப்பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம், அப்படியே எழுதலாம்.)

பீப்பாயில் நடப்பது வேறு, பாட்டிலில் நடப்பது வேறு. 225 லிட்டர் பீப்பாயின் பலகை வழியே காற்று இம்மி இம்மியாக உள்ளே போகிறது. துவர்ப்பு அடங்குகிறது. அமெரிக்க ஓக் என்றால் வனிலாவும் தேங்காயும் கலந்த வாசம் ஏறுகிறது. மாணிக்கச் சிவப்பு மெல்லச் செங்கல் நிறத்துக்கு இறங்குகிறது. தக்கை அடைத்த பாட்டிலுக்குள் காற்றுக்கு அநேகமாக வழியில்லை. அங்கே மணங்கள் ஒன்றோடொன்று இணங்கிப்போகின்றன. இரண்டுக்கும் ‘மூப்பு’ என்று எழுதினால் கட்டுரையே குழம்பும்.

திருமுருகாற்றுப்படையில் கானவர்கள் குடிப்பது ‘நீடமை விளைந்த தேக்கள் தேறல்’, நீண்ட மூங்கிலுக்குள் விளைந்த தேன்கள்ளின் தெளிவு. கலத்துக்குள் மது பக்குவப்படுவதைச் சொல்ல ‘விளைதல்’ என்ற வினை நம்மிடம் எப்போதோ இருந்திருக்கிறது. ‘விளைவு’ என்றால் பின்விளைவு, பக்கவிளைவு நினைவுக்கு வரும். ‘விளைச்சல்’ திராட்சைக்கே தேவைப்படும். வளர்-வளர்ப்பு போல விளை-விளைப்பு என்று கொள்ளலாம். பீப்பாய் விளைப்பு, பாட்டில் விளைப்பு. ஒருவர் கூடவே இருந்து செய்கிற வேலை என்ற பொருளும் இதில் நிற்கிறது.

பீப்பாய்க்குப் பதிலாக ‘மரமிடா’ வேண்டாம் ஐயா. பீப்பாய் போர்த்துக்கீசியர் வழி வந்தாலும் இன்று ஊர்ச்சொல்.

அடுத்து, ‘திராசியேகா’. வண்டல் அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுவது. ஆரோ நகரில் 1877-இல் தொடங்கிய லோப்பஸ் தே எரேதியா போன்ற பழைய ஒயின் நிறுவனங்களில் இன்றும் கையால்தான் செய்கிறார்கள். மரபான முறையில், விழுகிற ஒயினைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து மெழுகுவத்திச் சுடருக்கு நேரே பார்ப்பார்கள். முதல் கலங்கல் இழை தெரிந்த கணத்தில் நிறுத்திவிடுவார்கள். இதற்கு ‘இடமாற்றம்’ என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. வைத்தியர்கள் ‘தெளிவை இறுத்துக்கொள்’ என்பார்களே, அதுதான் இது. ‘தெளிவிறுப்பு’ என்கிறேன்.

முட்டை வெள்ளைக்கரு இட்டுக் கலங்கலைப் படியவைப்பதும் அங்கே மரபு. அதற்குத் ‘தேற்றல்’ போதும். என் பாட்டி கலங்கிய ஆற்றுநீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுப் போவார். விடிந்து பார்த்தால் அடியில் சேறும் மேலே கண்ணாடி போலத் தண்ணீரும் இருக்கும். சேர்க்கும் பொருள்தான் வேறு, செய்யும் வேலை ஒன்றே.

‘தெளிவிறுப்பு’ நாவில் தடுக்குகிறது என்று யாருக்காவது பட்டால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். பட்டியலில் பீப்பாய் விளைப்பு, பாட்டில் விளைப்பு, தேற்றல் என்ற மற்ற மூன்றையும் சேர்த்துவிடுகிறேன்.