நெப்டியூனும் வல்கனும்: வேறுபாட்டை விளக்க உதவி தேவை
கல்லூரியில் அறிவியல் மெய்யியல் நடத்தும் நான், மூன்று வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். யுரேனஸின் பாதை கணக்கோடு பொருந்தாதபோது, நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கைவிடாமல், காணாத கோள் ஒன்று இழுப்பதாகப் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணித்தார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில், அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் தென்பட்டது. புதனின் பாதைப் பிசகுக்கும் 1859இல் அவர் அதே வழியையே நாடினார். வல்கன் என்ற அந்தக் கோள் கிடைக்கவே இல்லை. நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) வரும் அப்பிசகை விளக்கியது 1915இல் பிறந்த, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல்.

கணிப்பு பொய்த்தால் கோட்பாட்டைத் தவறெனக் கொள்ள வேண்டும் என்னும், மெய்யியலாளர் பாப்பரின் பொய்ப்பித்தல் அளவுகோலைச் சொன்னேன், “அப்படியானால் யுரேனஸ் பிசகியபோதே நியூட்டனைக் கைவிட்டிருக்க வேண்டாமா?” என்று முன்வரிசை மாணவி கேட்டார், கேள்வி நியாயமானது. புதிய கணிப்புகளைத் தந்து முன்னேறும் ஆய்வுத் திட்டங்கள், பிசகுகளுக்குச் சமாதானம் மட்டும் சொல்லித் தேயும் ஆய்வுத் திட்டங்கள் என்று மெய்யியலாளர் லக்கடோஷ் பிரித்ததைக் கரும்பலகையில் வரைந்தும் பார்த்தேன். அது முடிவு தெரிந்தபின் இடும் தீர்ப்பாகவே எனக்குப் படுகிறது.

1915க்கு முன் வாழ்ந்த வானியலாளர் ஒருவர், இவ்விரு கருதுகோள்களையும் எந்த அடையாளத்தைக் கொண்டு பிரித்தறிந்திருக்க முடியும்?