புதுப்பிப்பு: கடைசலுக்குக் கார்பைடு முனையா, எஃகு உளியா?

மரம் கடையக் கார்பைடு (எஃகைவிடக் கடினமான உலோகச் சேர்மம்) முனைக் கருவி வாங்குவதா, அதிவேக எஃகு (சூடேறினாலும் கடினம் குறையாத எஃகு) உளி வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். சாணை பிடித்துப் பழகாதவர் கார்பைடில் தொடங்கலாம் என்பதே பெரும்பாலான மறுமொழிகளின் சாரம். இரண்டையும் வாங்கிக் கடைந்து பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

கரடுமுரடான கட்டையை உருளையாக்குவதில் கார்பைடு நன்றாகவே உழைக்கிறது: கருவியைக் கடைசல் இயந்திரத்தின் கருவித் தாங்கியின் மேல் கிடைமட்டமாகப் பிடித்தால் போதும், மழுங்கினால் திருகைத் தளர்த்திச் சதுர முனையின் 4 விளிம்புகளில் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் அது பெரும்பாலும் சுரண்டுகிறதே தவிரச் சீவுவதில்லை. கிண்ணம் கடையும்போது ஒவ்வொரு சுற்றிலும் 2 இடங்களில் இழைகளின் நுனி கருவிக்கு எதிரே வருவதால், மென்மையான மரமாயின் அங்கே இழை பிய்ந்து, உப்புத்தாளால் நெடுநேரம் தேய்த்தாலும் எளிதில் மறையாத சொரசொரப்பு நிற்கிறது. அதே இடத்தில், புதிதாகச் சாணை பிடித்த எஃகுக் குழியுளியின் சாய்தளத்தை (வெட்டும் விளிம்பை ஒட்டிய சரிவான பரப்பை) மரத்தில் படியவைத்து நகர்த்தினால், இழை அறுபட்டுச் சுருள் சுருளாக உதிர்கிறது.

கோணம் மாறாமல் உளியைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு சாணையில் இல்லையென்றால் எஃகு வாங்குவது வீண்செலவு என்பேன். அதிவேக எஃகு சாணைச் சூட்டில் நீலம் பாய்ந்தாலும் பதம் இழப்பதில்லை. பழைய கார்பன் எஃகு உளியோ மென்மையாகிவிடும். எனவே கார்பைடைக் கட்டையை உருளையாக்கும் வேலைக்கு ஒதுக்கிவிட்டு, கிண்ணத்தின் இறுதிச் சீவலை முழுவதும் எஃகுக்கு மாற்றிவிட்டேன்.