கிர்க்காஃப் விதியை மறுபடி படித்த கதை

நான் 28 வருடம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தினவள். ஓய்வு பெற்ற மறு வருடம், 2012 மார்ச்சில், எம்.ஐ.டி இணையத்தில் இலவசமாகத் தொடங்கிய மின்சுற்றுப் பாடத்தில் சேர்ந்தேன். "தினம் குரோம்பேட்டைக்கா போகப்போறே?" என்றார் வீட்டுக்காரர். அங்கே இருப்பது சென்னை எம்.ஐ.டி; இது அமெரிக்க எம்.ஐ.டி. நடத்தியவர் பேராசிரியர் அனந்த் அகர்வால். சுமார் 1,55,000 பேர் பதிந்து, கடைசியில் தேறியது 7,157 பேர்தான்.

முதல் வாரமே அடி. மூடிய சுற்றில் மின்னழுத்தங்களைக் கூட்டினால் பூஜ்யம் என்ற கிர்க்காஃப் விதியை நான் கல்வெட்டு மாதிரி நடத்தியிருக்கிறேன். அது எல்லா இடத்திலும் செல்லாதாம். சுற்றுக்குள் காந்தப்பாயம், அதாவது அதன் வழியே ஊடுருவும் காந்தப்புலத்தின் அளவு, மாறாமல் இருக்கும்வரைதான் செல்லும். அப்படிப்பட்ட சுற்றுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று பொறியாளர்கள் தமக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்; அதனால்தான் கணக்கு அவ்வளவு சுலபமாக வருகிறது. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் அடிப்படையான மாக்ஸ்வெல் சமன்பாட்டிலிருந்து அதை வருவித்துக் காட்டியபோது எனக்கு ஒரு மாணவி ஞாபகம் வந்தாள். "டீச்சர், சுற்றுக்கு நடுவுல காந்தத்தை ஆட்டினா இந்த விதி என்ன ஆகும்?" என்று கேட்டவள். "அது தூண்டல் பாடம், அப்புறம் வரும், உட்காரு" என்றேன். மாறும் காந்தப்பாயம் மின்னழுத்தத்தை உண்டாக்குவதுதான் தூண்டல். தூண்டல் பாடமும் வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கே தோன்றவில்லை.

அப்புறம் மின்வெட்டு. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வருடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இடைத்தேர்வைத் திறந்தால் 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் பாதி நேரம் எங்கள் தெருவில் கரண்டே இல்லை. மின்சுற்றுப் பாடத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பழைய என்.பி.என் வகை டிரான்சிஸ்டரோடு நின்றிருந்த எனக்கு, மாஸ்ஃபெட் என்ற இன்னொரு வகை டிரான்சிஸ்டர் புதிது. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் கலந்து வரும் கலப்பெண்களும் படாதபாடு படுத்தின. ஆனாலும் பாடத்தைவிட என்னைக் கோபப்படுத்தியது திருத்தும் முறைதான். விடையைத் தட்டினால் பச்சை டிக், இல்லாவிட்டால் சிவப்புப் பெருக்கல் குறி. ஸ்டெப் மார்க் என்ற பேச்சே கிடையாது. நாலு பக்கம் சரியாகப் போட்டு, கடைசியில் மில்லி ஆம்பியரை ஆம்பியராகத் தட்டினால் பூஜ்யம். சூத்திரம் எழுதியிருந்தாலே ஒரு மார்க் போட்ட கை இது!

சரி, ஜூனில் முடித்தேன். தேற 60 வேண்டும், பி கிரேடுக்கு 70. எனக்கு 68. அந்த இரண்டு மார்க்கும் மில்லியில் போனதுதான்.