கிம்ச்சியா, ஜிம்ச்சியா? குவாங்ஜு சந்தையில் கேட்டது

தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் உள்ள யாங்டோங் சந்தையில், மிளகாய்ப்பொடி பூசிய சீன முட்டைக்கோசை வாளியிலிருந்து அள்ளி எடைபோட்ட பாட்டி ஒருவர் அதை ‘ஜிம்ச்சி’ என்றார். உடன் வந்திருந்த சியோல் நண்பர் சிரித்துக்கொண்டே, அது பட்டிக்காட்டுப் பேச்சு, ‘கிம்ச்சி’ என்பதே சரி என்றார். சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் நியாயம் பாட்டியின் பக்கமே இருக்கிறது.

அமிழ்த்திய காய்கறி என்று பொருள்படும் இரண்டு சீன எழுத்துகளிலிருந்து பிறந்த சொல் இது. சிறுவர்களுக்குச் சீன எழுத்துகளைக் கற்பிக்க 1527-இல் சோ செ-ஜின் தொகுத்த நூலில் இது ‘திம்ச்சே’ என்று பதிவாகியுள்ளது. பின்னர் ‘தி’ என்ற ஒலி கொரிய மொழியில் பரவலாக ‘ஜி’ ஆனபோது இதுவும் ‘ஜிம்ச்சி’ ஆயிற்று. இதே காலப்போக்கில் தென்மாவட்டங்களில் வேறொரு மாற்றமும் நடந்தது: எண்ணெயைக் குறிக்கும் ‘கிரும்’ அங்கே ‘ஜிரும்’ ஆனது, வழியைக் குறிக்கும் ‘கில்’ அங்கே ‘ஜில்’ ஆனது. (கன்னடத்தில் ‘கிவி’ என்பது நம்மிடம் ‘செவி’ ஆனதும் இந்த வகையே.) இதைக் கொச்சை என்று கருதியவர்கள் ‘ஜி’யையெல்லாம் ‘கி’ என்று திருத்தப் புகுந்து, ஒருநாளும் ககரமே இல்லாதிருந்த ஜிம்ச்சியையும் சேர்த்துத் திருத்திவிட்டார்கள். அந்த மிகைத் திருத்தமே இன்று அகராதி ஏறி, உலகம் முழுவதும் வழங்குகிறது. பழைய வடிவமோ, 1995-இல் விற்பனைக்கு வந்த ‘திம்ச்சே’ என்னும் கிம்ச்சிக் குளிர்பெட்டியின் பெயராக மீண்டும் புழக்கத்துக்கு வந்தது.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. கொரிய எழுத்திலும் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே ககரம்தான். சொல்லின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய நம் ‘கிளி’யில் உள்ளதுபோல ஒலிக்கும், ‘பெச்சு’ என்ற முட்டைக்கோசுப் பெயரோடு சேர்த்துப் ‘பெச்சுகிம்ச்சி’ எனும்போது ‘தங்கம்’ என்பதில் வரும் ககரமாகக் குழையும். சற்றுப் பழக வேண்டியது சகரம்தான். அதை மூச்சுக்காற்று வெளிப்படச் சொல்ல வேண்டும். இச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்தாக ‘K’ போடுவதா ‘G’ போடுவதா என்று அங்கே எழும் வழக்கு, தமிழ் எழுதிப் பழகியவருக்குப் புதிதாகத் தோன்றாது.