சாயப்பட்டறை வரிசையும் கணினி போட்டுத் தந்த தேதியும்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் பிளானிங் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில்தான், எக்செல் தாள்களில் ஓடிக்கொண்டிருந்த திட்டமிடல், நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளின் கணக்கையும் ஒன்றிணைக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளுக்கு மாறியது. சரக்கு கப்பலேற வேண்டிய தேதியைக் கொடுத்தால், பேக்கிங், தையல், கட்டிங், சாயம், நிட்டிங் என ஒவ்வொரு கட்டத்துக்கும் குறித்து வைத்த நாள்களைப் பின்னோக்கிக் கழித்து, எந்தத் தேதிக்குள் எத்தனை கிலோ நூல் வந்து சேர வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஆர்லிக்கி வளர்த்தெடுத்த எம்.ஆர்.பி. (மூலப்பொருள் தேவைத் திட்டமிடல்) முறையின் அடிப்படைக் கணக்கு இதுதான். நூல் கணக்கில் அது எங்களுக்குப் பேருதவியாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் சாயத்தில் வந்தது. மென்பொருளில் சாயத்துக்கு 7 நாள் என்று பதிந்திருந்தோம். பட்டறையில் வேலை குறைவாக இருந்தாலும் நிரம்பி வழிந்தாலும் அதற்கு அதே 7 நாள்தான். உண்மையில் ஒரு லாட் துணி (ஒரே தடவையில் சேர்த்துச் சாயமிடும் அளவு) சாயமேறிக் காயச் சில மணி நேரமே போதும், மீதி நாள்களெல்லாம் அது தன் முறைக்காகக் காத்துக் கிடக்கும் நாள்கள். துணி தாமதமாக வரத் தொடங்கியதும், பாதுகாப்புக்காக 7 நாளை 12 ஆக உயர்த்தலாம் என்று கூட்டத்தில் முடிவானது. அதன் விளைவாக மென்பொருள் எல்லா ஆர்டர்களின் துணியையும் முன்கூட்டியே பட்டறைக்கு அனுப்பச் சொன்னது, வரிசை நீண்டது, தாமதம் மேலும் கூடியது. 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இதை எளிதாக விளக்கும். நாளொன்றுக்கு 6 டன் சாயமிடும் பட்டறையில் 36 டன் துணி காத்திருந்தால் சராசரிக் காத்திருப்பு 6 நாள். அதையே 60 டன்னாக ஏற்றினால் 10 நாள். ஒரு கிலோகூட அதிகமாகச் சாயமேறாமலே காத்திருப்பு மட்டும் வளர்கிறது.

இயந்திரத்தைக் கூட்டச் சொல்லலாமே என்று வெளியூர் ஆலோசகர் ஒருவர் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறைக்கு மாறிய பிறகே அவை மீண்டும் இயங்கின என்பதைத் திருப்பூர்க்காரர்கள் அறிவார்கள். சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு நீரை ஏற்குமோ, அந்த அளவுக்குள்தான் சாயமும்.

இதைவிட எங்களை அதிகம் வாட்டியது ரிப் துணி. டி-சர்ட்டின் உடல் துணியும் கழுத்துக்கான ரிப்பும் வெவ்வேறு லாட்டில் சாயமேறினால் ஷேட் (நிறச் சாயல்) ஒத்துப்போகாது. பையர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் மென்பொருள் இரண்டையும் தனித்தனிப் பொருளாகவே எண்ணியது. துணி 95 சதவீதம் வந்துவிட்டதாகத் திரை காட்டும், கட்டிங் மாஸ்டரோ ரிப் இல்லாமல் கத்தியை எடுக்கமாட்டார், தையல் லைன் வேலையின்றி நிற்கும். கட்டிங் மாஸ்டர் செய்ததே சரியான உற்பத்திக் கட்டுப்பாடு என்பது என் கருத்து.

பின்னர் இரண்டு மாற்றங்களைச் செய்தோம். பட்டறையோடு பேசி வாரத்துக்கு இத்தனை டன் என்று இடம் பிடித்துக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டுமே சாயமிடாத துணியை அனுப்பினோம். மிச்சம் எங்கள் கிடங்கிலேயே இருந்தது. சாயமிடாத துணி எந்த நிறத்துக்கும் போகலாம் என்பதால், பையர் கடைசி நேரத்தில் நிற வாரியான எண்ணிக்கையை மாற்றும்போது அது கைகொடுத்தது. உடல் துணியும் ரிப்பும் ஒரே லாட் எண்ணில், ஒரே டெலிவரி சலானில் சென்று திரும்ப வேண்டும் என்பது இரண்டாவது மாற்றம். அப்படிச் சேர்ந்து வந்ததை மட்டுமே கையிருப்பாகப் பதிந்தோம்.

தங்கள் ஆர்டரின் துணி இன்னும் கிடங்கைவிட்டுக் கிளம்பவில்லை என்று, பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் தொடர்ந்து சண்டையிட்டார்கள். ஆயினும் வாரத்தின் கடைசி நாளுக்குரிய இடத்தை மட்டும் நாங்கள் யாருக்கும் ஒதுக்கவில்லை. ஷேட் தவறி மறுசாயத்துக்குப் போகும் லாட் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வாரமும் இருக்கத்தான் செய்தது.