கோல்ஃப் கிளப்ப (மட்டைய) எப்படிதான் பிடிக்கிறது? டிரைவர் எடுத்தாலே பந்து வலது பக்கம் ஓடுது

ஸ்லைஸ்மன்னன்:
கோல்ஃபுக்கு புதுசு, வலது கை ஆட்டக்காரன். ஐயர்ன்ல (இரும்புத்தலை கிளப்) ஓரளவு நேரா போற பந்து டிரைவர்ல (தூரமா அடிக்கிற நீள கிளப்) அடிச்சா பாதி வழியில வலது பக்கம் வளைஞ்சு மரத்துக்குள்ள போயிடுது. சுண்டு விரல கோக்கணுமா, மேல வைக்கணுமா, பத்து விரலும் கிளப் மேலயே இருக்கலாமா? க்ளவுஸ் வேற உள்ளங்கை அடில, மணிக்கட்டு பக்கமா ஓட்டை விழுந்துடுச்சு. முன்கையும் வலிக்குது.

பங்கர்வாசி:
அந்த ஓட்டைதான் துப்பே. கிளப்ப உள்ளங்கைக்குள்ள குறுக்க வச்சு பிடிக்கிறீங்க, ஸ்விங்ல அது உருண்டு அந்த இடத்த தேய்க்குது. விரல்ல பிடிங்க பாஸ். முதல்ல கிளப்ஃபேஸ, அதாவது பந்துல படற பக்கத்த, டார்கெட்டுக்கு நேரா தரையில வச்சுட்டு, இடது கையில ஆள்காட்டி விரல் நடு மூட்டுலேர்ந்து சுண்டு விரல் அடி வரைக்கும் சாய்வா படுக்க வச்சு, உள்ளங்கை அடிமேடு மேல உட்கார்ற மாதிரி மூடுங்க. இப்ப குனிஞ்சு பாத்தா இடது கை விரல் முட்டி ரெண்டு, ரெண்டரை தெரியணும். ஒண்ணுதான் தெரியுதுன்னா வீக் கிரிப்பு, அடிக்கறப்ப ஃபேஸ் திறந்தே, அதாவது வலது பக்கம் பாத்தே வரும், உங்க ஸ்லைஸ் (பந்து இப்படி வலது பக்கம் வளையறது) அங்கேர்ந்துதான்னு நினைக்கிறேன். நாலும் தெரிஞ்சா உல்ட்டா, ஹுக் ஆகி இடது பக்கம் போகும். வலது உள்ளங்கை இடது கட்டைவிரல மூடணும், ரெண்டு கையிலயும் கட்டைவிரலும் ஆள்காட்டியும் சேர்ற அந்த 'வி' வலது தோள் பக்கம் பாக்கணும்.

பார்72:
சுண்டு விரல் மேட்டருக்கு ரொம்ப மண்டைய உடைச்சுக்காதீங்க, ஸ்லைஸுக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. ஓப்பன் சாம்பியன்ஷிப்ப 6 தடவை ஜெயிச்ச ஹாரி வார்டன் பேர்லயே ஓவர்லாப் கிரிப் இருக்கு, அதாவது வலது சுண்டு விரல இடது கை மேல வைக்கறது. ஜாக் நிக்லஸ், டைகர் வுட்ஸ் ரெண்டு பேரும் இன்டர்லாக், அதாவது வலது சுண்டு விரல இடது ஆள்காட்டியோட கோக்கறது. சின்ன கைன்னா இன்டர்லாக் வசதி. முன்கை வலிக்குதுன்னா இறுக்கிப் பிடிக்கிறீங்க! குருவிக்குஞ்ச பிடிக்கிற மாதிரி பிடின்னு சொல்லுவாங்கல்ல, அதுதான், இடது கை கடைசி மூணு விரல்ல மட்டும் கொஞ்சம் பிடிமானம் போதும். ஆனா கிளப் வெளியேர்ந்து உள்ள வெட்டிட்டு வந்தாலும் ஸ்லைஸ் வரும், கிரிப்ப சரி பண்ணியும் போகலன்னா ஸ்விங்க பாருங்க.

ஸ்லைஸ்மன்னன்:
பாத்தேன், ஒரு முட்டிதான் தெரியுது 😅 புது பிடி செம அசௌகரியமா இருக்கு. குழிக்குள்ள பந்த உருட்டி விடற பட்டருக்கும் இதேதானா?

பங்கர்வாசி:
அசௌகரியமாத்தான் இருக்கும், பந்து இல்லாம சும்மா வீட்லயே பிடிச்சு பிடிச்சு விடுங்க. பட்டருக்கு வேற. அங்க மணிக்கட்டு அசையக்கூடாது, அதனால உள்ளங்கையில வச்சுதான் பிடிப்பாங்க. நிறைய பேர் இடது ஆள்காட்டிய வலது கை விரல்க மேல நீட்டி வச்சுப்பாங்க, ரிவர்ஸ் ஓவர்லாப்னு பேரு.